பால் மூடியின் சத்தம்

நைனா,

அடுப்பில் கொள்ளு கொதிக்கிறது. மருமகள் ரசம் வைக்கிறாள். சட்டியின் மேல் உன் பித்தளை மூடி டங், டங் என்று ஆடுகிறது. இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன் என்றால் நீ நம்ப மாட்டாய். "நைனா" என்று எழுதி, நானே வாய்விட்டுப் படித்து, இன்னொரு தரமும் படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிய சமயத்தில்தான் நம் ஜட்கா வண்டிக்கு அந்தச் செம்பட்டைக் குதிரையை அடையாற்றில் வாங்கினோம். முதல் சவாரி மயிலாப்பூர் வக்கீல் ஒருவர். எழும்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். குதிரையோ லஸ்ஸில் முதல் பங்களா கேட்டில் நின்றது. தட்டி ஓட்டினால் அடுத்த கேட்டில் நின்றது.

"என்னப்பா, ஒவ்வொரு ஆத்து வாசல்லயும் நின்னுண்டே போறதே. இதுக்கு இங்கெல்லாம் சொந்தக்காராளா?"

"பயக்கம் சாமி," என்றாய். ரயில் போய்விட்டது.

துரைமார் பங்களாக்களுக்குப் பால் வண்டி இழுத்த குதிரை என்று பிறகுதான் தெரிந்தது. "சாது, ஓடவே ஓடாதுன்னு சொல்லித்தான்டா வித்தான். பொய் சொல்லலியே," என்று சிரித்தாய். பால் ஊற்றிவிட்டுக் கேனை மூடும் சத்தம் கேட்டால்தான் அது நகரும் என்பதையும் நீதான் கண்டுபிடித்தாய். அன்றிலிருந்து நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து செம்பின் மேல் இந்த மூடியைத் தட்டுவேன். பாத்திரத்தோடு வெளியே ஓடி வந்த பெண்கள் நம்மைத் திட்டுவார்கள். ஸ்டாண்டில் நமக்குப் பால்கார ஜட்கா என்றே பெயர்.

உனக்கு நெஞ்சு வலித்த அன்று நான் ஓட்டினேன். நீ பின்னால் வைக்கோல் மேல் படுத்திருந்தாய். செம்பும் மூடியும் உன் கையில். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எத்தனை கேட்டுகள், நைனா. ஒவ்வொன்றிலும் நின்றது. நான் சாட்டையை எடுத்தேன்.

"அடிக்காத கண்ணு. ஊட்டுக்கு ஊடு பால் ஊத்துது. எனக்கும் ஊத்திட்டுப் போவட்டும்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். நீ மூடியைத் தட்டினாய், குதிரை நகர்ந்தது. அடுத்த கேட்டிலும் தட்டினாய். அதற்கடுத்ததில் சத்தம் மெலிந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், ஒரு மஞ்சள் கேட்டின் முன்னால் குதிரை நின்றது. காதைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

அதோ, அடுப்பில் மூடி தட்டுகிறது.

"எங்க எழுந்துக்கினீங்க மாமா?" என்று கேட்கிறாள் மருமகள்.

இந்தச் சத்தம் கேட்டால் என்னாலும் நிற்க முடிவதில்லை, நைனா. அடுத்த வாசலுக்குக் கிளம்பிவிடுகிறேன்.