ஓடினால் மட்டும் சூடேறும் வண்டி

அன்புள்ள வாண்டுக்கு அம்மா எழுதுவது. நீ நல்லபடி இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும், தெரியும். இருந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு வரியை நான் அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை. வர மனசில்லை என்றால் நேராகச் சொல்லட்டும், மூன்று தடவையும் வண்டி மேல் பழி போட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீ பேக்கரி வைக்கப் போனபோது, உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவர்தான் அவர், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று தடவையும் உன்னைப் பார்க்கக் கிளம்பலாம் என்று முதலில் சொன்னது அவர்தான். ரயிலில் போகலாமே என்றால், வந்தா என் வண்டியிலதான் வருவேன் என்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்த வண்டி அது. ஊருக்குள் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அசைவதில்லை. பெருஞ்சாலையில் ஏறி முக்கால் மணி நேரம் ஓடியதும், ஆற்றுப்பாலம் தாண்டும்போது முள் கிடுகிடுவென்று ஏறுகிறது. ஓரங்கட்டி எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. மற்ற வண்டிகள் நின்றால் சூடாகும், ஓடினால் காற்றில் ஆறும் என்கிறார்கள். நம்முடையது தலைகீழ்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், அதன் மூடியை மாற்றினார், விசிறி பெல்ட்டை இறுக்கினார். சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டை என் பால் பாத்திரத்தில் போட்டு வெந்நீர் வைத்து, அது வாய் திறக்கிறதா என்று அடுப்படியில் குனிந்தபடியே நின்றார். திறந்தது. எல்லாம் சரி, முள் மட்டும் ஏறுகிறது. மூன்றாவது தடவையும் திரும்பி வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை, சூடு வண்டிக்கா உங்களுக்கா என்று கேட்டுவிட்டேன். நான்கு நாள் அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் சாவியை எடுத்துக்கொண்டு நான் தனியாக ஓட்டிப் போனேன். அதே பாலம், அதே முள். சாலையோரம் உட்கார்ந்து அது இறங்கும்வரை காத்திருந்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேராகப் பட்டறைக்குப் போனேன், நம் மூக்குக்கண்ணாடி மெக்கானிக்கிடம். அணைச்ச வண்டியில பார்த்தா தெரியாது அக்கா, எஞ்சினை ஓட விட்டுப் பார்க்கணும் என்றார். என்னை உள்ளே உட்காரவைத்து, விடாதீங்க, நல்லா மிதிங்க என்று கத்திக்கொண்டே குனிந்து பார்த்தார். அப்புறம் என் இடத்தில் அவர் உட்கார்ந்து மிதிக்க, நான் எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய், குழந்தை உறிஞ்சும்போது கன்னம் ஒட்டுமே, அதுபோல ஒட்டிச் சப்பையாகிவிட்டது. அவர் மிதித்த காலை எடுத்ததும் பழையபடி உருண்டையானது. பம்ப் வேகமாக இழுக்கும்போது மட்டும் வழி அடைபடுகிறது. அப்பா நிறுத்தி மூடியைத் திறப்பதற்குள் அது சரியாகிவிடும், அவர் எதைப் பார்ப்பார்? குழாய் ஒட்டாம தாங்க உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருந்திருக்கணுமே, எங்கே அண்ணே என்று மெக்கானிக் போனில் கேட்டதற்கு, போன வருஷம் குழாய் மாற்றும்போது துருப்பிடித்து ஒன்று கிடந்தது, யாரோ விட்டுப்போன குப்பைன்னு தூக்கிப் போட்டேன் என்றாராம் உன் அப்பா. மெக்கானிக் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கிவிட்டது.

புதுக் குழாய் சுருளோடு போட்டாயிற்று. நேற்று இருவரும் ஓட்டிப் பார்த்தோம். பாலம் வந்தது, முள் நடுவிலேயே நின்றது. ஆனாலும் அப்பா வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப்போய் மூடியைத் திறந்து வெகுநேரம் நின்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, இறங்கவும் இல்லை. அப்புறம் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, அவ கடையில போய் நின்னு நான் என்னதான் பேசுறது என்று கேட்டார். சண்டை போட்டது நீங்கள் இருவரும், என்ன பேசுவது என்று என்னிடம் கேட்டால்? குழாயைக் குறை சொல்வதா, மனிதரையா, என்னையா, எனக்கே பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். அவர் சட்டை ஒன்றை எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறார்.

நீ நோய்நொடி இல்லாமல், உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரும்படி இருக்க வேண்டும். ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டுப் படு. முக்கியமாக ஒன்று. உன் கடையில் மாவு பிசையும் இயந்திரமோ வேறெதுவோ கடகடவென்று சத்தம் போட்டால், ஞாயிற்றுக்கிழமைவரை யாரையும் கூப்பிட்டுச் சரி பண்ணிவிடாதே. அப்பா உள்ளே வந்ததும் அதைக் காட்டு.

என்றும் உன்
அம்மா