அத்தை துடைத்த பசை

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடை விலாசத்துக்குக் கடிதம் வருகிறதே என்று திகைக்காதே. போனில் பேசினால் என் மகன் உன் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாம் தனியாகப் பேசியதே இல்லை, அது வேறு விஷயம்.

எங்கள் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் பிரிவை மூடுகிறார்கள். சொந்தக் கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு வேலையை வீட்டுக்கே தருவார்களாம். இருபதாம் தேதிக்குள் மாதிரிக்குப் பதினாறு பக்கம் அமைத்து அனுப்ப வேண்டும். தவறினால் வேலை போச்சு. வேலை போனால், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லி அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு என் வீட்டை விட்டு வர மனமில்லை.

இங்கே ஒரு கடைக்காரன் கம்ப்யூட்டருக்குச் சொன்ன விலையில் பாதிதான் என்னிடம் இருக்கிறது. பாகம் பாகமாக வாங்கி நாமே மாட்டினால் செலவு குறையும் என்று நீ ஒருமுறை சொன்னாய். என்னென்ன வாங்கட்டும்? என் மகனிடம் மூச்சு விடாதே.

அத்தை

மார்ச் 6

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தை வாங்கிவைத்த முதலாளி, "யாரும்மா எழுதியிருக்காங்க, கேஸ் ஏதாவதா?" என்றார். "மாமியார் சார்" என்றேன். "அப்போ கேஸ்தான்" என்றார்.

நீங்கள் கூடவே வைத்தனுப்பிய விலைச்சீட்டைப் பார்த்தேன், கடைக்காரர் உங்கள் தலையில் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் கட்டப் பார்த்திருக்கிறார். அது கேம் விளையாடுகிறவர்களுக்கு. நமக்கு வேண்டாம். படம் காட்டும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பிராசசர் இருக்கிறது, அதை வாங்குங்கள். மதர்போர்டு அதற்குப் பொருந்த வேண்டும். நம்பரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். "இதுவும் அதேதாம்மா" என்று வேறொன்றை நீட்டினால் வாங்காதீர்கள்.

மெமரி பதினாறு ஜிபி. அதில் கஞ்சத்தனம் பார்த்தால் படம் நிறைந்த பக்கங்களில் திணறும். வேலையைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி சின்னதே போதும். மானிட்டர் பழையது எடுக்கலாம், ஆனால் உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேபினட், அதாவது வெளிப்பெட்டி, எது மலிவோ அது. பவர் சப்ளை மட்டும் நல்ல கம்பெனியாக இருக்கட்டும். அது படுத்தால் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

மாட்டும் முறையைப் படம் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் மகனிடம் சொல்லவில்லை. ரகசியத்தை அடக்கி அடக்கி வயிறு உப்பிப்போய்த் திரிகிறேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 12

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லாம் வாங்கிவிட்டேன். மானிட்டருக்கு நான் பேசிய பேரத்தில் கடைக்காரன் ஒரு மவுஸைக் கொடுத்து என்னை வெளியே அனுப்பினான்.

நீ வரைந்தபடியே, ஒவ்வொன்றையும் சுத்தமாகத் துடைத்து மாட்டினேன். பிராசசர் மேல் மாட்டும் ஃபேனின் அடியில் யாரோ சாம்பல் நிறத்தில் எதையோ அப்பி வைத்திருந்தார்கள். புதுச் சாமானில் இப்படியா என்று வழித்தெடுத்து, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பட்டனைத் தட்டியதும் ஓடியது. இரண்டே நிமிடத்தில் அணைந்துவிட்டது. பத்து முறை பார்த்துவிட்டேன், அதே கதைதான். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நான் அங்கே வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு வேகமாக உதவுகிறாயா? ஒளிக்காமல் எழுது.

அத்தை

மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

கடையில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அது அழுக்கு இல்லை அத்தை, பசை. பிராசசரின் சூட்டை ஃபேன் பக்கம் கடத்துவது அதுதான். அது இல்லாமல் பிராசசர் கொதித்துப்போய்த் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. எதுவும் கெட்டிருக்காது. கவரில் ஒரு ட்யூப் இருக்கிறது. பட்டாணி அளவு நடுவில் வைத்து, ஃபேனை மேலே அழுத்தி மாட்டுங்கள். ஓரத்தில் பிதுங்கினாலும் துணியை எடுக்காதீர்கள்.

ஒளிக்காமல் கேட்டீர்கள். கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். நான் கழுவி வைத்த டம்ளர்களை நீங்கள் தினமும் எடுத்து மறுபடி கழுவுவீர்கள். பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். ஆமாம், பாதி உதவி நீங்கள் வராமல் இருக்கத்தான். மீதிப் பாதி, நீங்கள் உங்கள் மகனை விட்டுவிட்டு என்னைக் கேட்டீர்களே, அந்தச் சந்தோஷம்.

எழுதிவிட்டேன். கோபம் வந்தால் பசையைத் தடவிய பிறகு கோபப்படுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 24

அன்புள்ள மருமகளுக்கு,

பசை பதினேழாம் தேதி வந்தது. தடவினேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஓடியது, நிற்கவில்லை. பத்தொன்பதாம் தேதி பதினாறு பக்கமும் போய்ச் சேர்ந்தது. வேலை எனக்குத்தான். முதல் புத்தகம் கோழி வளர்ப்பு. இருநூறு பக்கம், பக்கத்துக்கு நாலு கோழி. பதினாறு ஜிபி வாங்கச் சொன்னாயே, நீ நன்றாக இருக்க வேண்டும்.

என் மகனிடம் போனில் நானே சொன்னேன். "யாரும்மா மாட்டிக் குடுத்தா?" என்றான். "நான்தான்டா மாட்டினேன். உன் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தா" என்றேன்.

கோபம் ஒரு நாள் இருந்தது, மறைக்கவில்லை. டம்ளர் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். என் கை தானாகப் போகிறது, அது உன்னைச் சுடும் என்று தோன்றவே இல்லை. நீ அழுதது தெரிந்திருந்தாலும் கழுவியிருப்பேனோ என்று யோசித்தேன். கழுவியிருப்பேன். அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

இனி உங்களோடு வந்து இருக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. அது போனதும் உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அடுத்த மாதம் ஒரு பத்து நாள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தேதான் எடுப்பேன். இன்னும் எடுக்கவில்லை. அவனைக் கேட்டால் உடனே வா என்பான், அதனால் அவனைக் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

வரட்டுமா?

அத்தை