நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்ப் பெட்டி

குரிட்டிபா, ஜூன் 18

அன்பு மகள் ஜந்தீராவுக்கு,

நான் நலம். நீ ஹோபார்ட்டில் நலமாயிருப்பதை உன் அண்ணன் ஒத்தாவியோ சொல்லித்தான் அறிந்தேன். மூன்று நாளாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை, ஆகவே இதை எழுதி, மின்னஞ்சலில் அனுப்பும்படி அவனிடமே கொடுக்கிறேன். இங்கே உறைபனி விழுந்துவிட்டது, முட்டி வலிக்கிறது, அவன் மனைவி மறுபடியும் என் சாப்பாட்டில் உப்பைக் குறைத்திருக்கிறாள், இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது ஞாயிறன்று வந்தது. மாஃப்ராவில் நமக்கு ஆழ்துளையிட்டுப் பாறை உருளைகளைப் பெட்டியில் அனுப்பித் தந்த வால்தோமீரு, பின்யாவ் கொட்டையோடு பார்க்க வந்தார். பனியாற்றுச் சேற்றில் நான் கண்டெடுத்த மகரந்தத்தை வைத்து, பல கோடி ஆண்டுக்கு முந்தைய பனி இங்கே எல்லோரும் நினைத்ததைவிட நாற்பது லட்சம் ஆண்டு கூடுதலாக நின்றது என்று என் மகள் நிறுவியிருக்கிறாள், நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர் ஆழத்துப் பெட்டிதான் சான்று என்று பெருமை தாங்காமல் சொன்னேன். அவர் மாத்தே தேநீர் உறிஞ்சுவதை நிறுத்தினார். "அந்தப் பெட்டியா, டோனா லியோகாதியா? அன்னைக்குக் குழாயில உருளையே ஏறல. வெறும் பெட்டி வந்தா மூணு நாள் கத்துவீங்களேன்னு, தண்ணியோட மேல வந்த தூள அள்ளிப் போட்டேன்." நான் கத்தினேன். "பாத்தீங்களா, இப்பவும் கத்தத்தான செய்றீங்க" என்றார்.

பனி பழைய பாறையைச் சுரண்டித் தன் சேற்றில் கலக்கும், ஆகவே இருப்பதில் மிக இளைய மகரந்தத் துகளே வயதைச் சொல்லும் என்பது நம் தொழிலின் விதி. அந்த இளையது மேலுள்ள நிலக்கரிப் படுகையிலிருந்து துளையின் சுவர் வழியே உதிர்ந்ததாக இருந்தால், விதியைப் பிடித்துக்கொண்டே குழியில் விழலாம், விழுந்தோம். பெட்டியில் தூள் இருந்ததைப் பார்த்தேன், ஜந்தீரா. வண்டியில் உடைந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் உள்ளே இருந்தது எனக்குப் பிடித்த விடை. நேற்று நானூற்றுப் பதினெட்டாவது மீட்டரின் முழு உருளையை மறுபடி ஆராய்ந்தேன். பனி சுரண்டி வந்த பழைய மகரந்தத்தையும் வித்திகளையும் தவிர அதில் ஒன்றுமில்லை. அதாவது அந்தச் சேற்றின் வயது நமக்குத் தெரியாது.

உன் பதவி நீட்டிப்பு அந்த முடிவைச் சொல்லும் உன் கட்டுரையை நம்பி நிற்பது எனக்குத் தெரியும். இருந்தும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுமுன் அதைத் திரும்பப் பெறு. குளிரில் கம்பளி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. உனக்கு நல்ல உடலும் கெட்டியான மனமும் வாய்க்கட்டும். பிழை யாருடையது என்று கேட்பார்கள். வால்தோமீருவின் பெயரை எழுதாதே. அவர் தூளைத்தான் அனுப்பினார். அதற்கு வயது சொன்னவள் நான்.

உன் அம்மா,
லியோகாதியா