கூரை: தபித்தாள்

சென்னை,
4.10.2024

அன்புள்ள தபித்தாளுக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். நான் கட்டிய நவீனக் கட்டடங்களின் படங்களை எல்லாம் சேர்த்து இங்கே அருங்காட்சியகத்தில் டிசம்பரில் கண்காட்சி வைக்கிறார்கள். முதல் படமாக நம் அரவேணு மலை வீடுதான் வேண்டுமாம். இருபத்திரண்டாம் தேதி போட்டோ எடுக்க வருவார்கள். தட்டையான கான்கிரீட் கூரைதான் அந்த வீட்டின் அழகே. அதன் மேல் நீ போட்ட தகரத்தை இரண்டு நாள் மட்டும் கழற்றி வைக்க வேண்டும். ஆள் அனுப்புகிறேன். மறுத்துவிடாதே.

ஹெர்பர்ட்


அரவேணு,
11.10.2024

கெஸியா அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தர் கிருபையால் சுகம். முழங்கால்தான் மேடேற மறுக்கிறது. பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறீர்கள், அதுவும் தகரத்தைக் கழற்றச் சொல்லி! ஐப்பசி மழையிலா? நல்லாயிருக்கிறது போங்கள்.

ஹாலில் ஆறு வாளி வைத்துக்கொண்டு படுத்தது மறந்துபோச்சா? நம் பிள்ளை கெஸியா அரையாண்டுப் பரீட்சைக்கு வீட்டுக்குள் குடை பிடித்துப் படித்தாள். நீங்கள் டெல்லி போயிருந்தபோதுதான் தகரக் கூரை போடுகிற பாலனைக் கூப்பிட்டேன். "ஏனுங்கம்மா, ஊட்டுக்கு ஒரு தொப்பி போட்டுட்டாச் சரியாப் போயிருமுங்க" என்றார். போட்டேன். திரும்பி வந்து பார்த்த நீங்கள், "இது என் வீடே இல்லை" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

தகரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். படம் எடுப்பதானால் இருக்கிறபடி எடுக்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் வைத்த நீள ஜன்னல் வழியே காலை வெயில் சாப்பாட்டு மேசை மேல் விழும்போது, இந்த மனுஷனைப் போல யாரால் கட்ட முடியும் என்று தினமும் நினைக்கிறேன். கோபமாகத்தான் நினைக்கிறேன்.

கெஸியா அம்மா


சென்னை,
16.11.2024

தபி,

தகரத்தோடுதான் எடுத்தார்கள். கண்காட்சியை நடத்தும் அனுராதா படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கூரை யார் யோசனை சார்?" என்று கேட்டாள். உன்னை விட்டு வந்த பிறகு மலையில் நான்கு கட்டடம் கட்டினேன். நான்குக்கும் சாய்வுக் கூரைதான். எங்கே கற்றேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பரிசும் வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன் நான்.

"என் மனைவி" என்றேன். படத்துக்குக் கீழே இப்போது, 'வீடு: ஹெர்பர்ட். கூரை: தபித்தாள்' என்று எழுதியிருக்கிறார்கள். டிசம்பர் 14 திறப்பு. வருவாயா? நான் செய்தது தப்பு, தபி. மன்னித்துவிடு.

ஹெர்பர்ட்


அரவேணு,
25.11.2024

என்னங்க,

இரண்டு தடவை படித்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பரிசு வாங்கினவருக்கு எனக்கு ஒரு கார்டு போடத் தோன்றவில்லையாக்கும்!

திறப்புக்கு வருகிறேன். தகரத்துக்குப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்று பாலன் நச்சரிக்கிறார். என்ன நிறம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கள் வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் கெஸியா டிக்கெட் எடுத்துவிட்டாள். சென்னை வருவதற்கு ஒன்று. மேட்டுப்பாளையம் திரும்புவதற்கு இரண்டு.

தபித்தாள்