தண்ணீர் மந்திரிக்குக் கடைமடையிலிருந்து

கீழ்வேளூர்
பங்குனி 24, திங்கள்

அன்புள்ள தம்பி இளஞ்செழியனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும், சீர்காழியில் உன் தங்கை வானதியும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ கைகால் சுகத்தோடு இருக்கிறாய் என்பதை நேற்று நாகூர் உபைதுல்லா வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதமாக உன் நம்பருக்குப் போட்டால் ஒரு பொம்பளை இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள், நானும் தினம் ஒரு தடவை அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு வைக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பள்ளிக்கூடம் விட்டபிறகு கையெழுத்தைத் தவிர வேறு எழுதினதில்லை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. இந்த வீட்டில் பேசுவது, விசாரிப்பது, சொல்லி அனுப்புவது எல்லாம் உன் அம்மாதான். மூன்று மா வயலிலும் உளுந்து பிடுங்கியாகிவிட்டது, மாசியில் பெய்த மழையில் பாதி அழுகிப் போனாலும் மிச்சம் நல்ல மணி. பசு கன்று ஈன்றிருக்கிறது, காளைக்கன்று.

உபைதுல்லா நல்ல பையன். உங்கள் தீவுக்கு அரிசியும் டீசலும் கொண்டுவரும் படகில் அவர்தான் சமையல் என்று சொன்னார். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தவர் நாகூரிலிருந்து பஸ் ஏறி நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து நீ கொடுத்த சீட்டைக் கையில் கொடுத்தார். நாலு வரிதான் எழுதியிருக்கிறாய். பெற்றவளைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியாத பாவி என்றும், ஒரு காகிதத்தை நாடு என்று நம்பி அவளைக் கைவிட்டுவிட்டாய் என்றும், இனி இந்த ஊர் மண்ணை மிதிக்க உனக்கு யோக்கியதை இல்லை, தேட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நின்றுகொண்டே படித்தேன், அப்புறம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். உபைதுல்லாதான் தண்ணீர் மோந்து கொடுத்தார். உங்கள் அதிபர் வெள்ளைக்காரர் பொங்கலுக்கு முன்னாலேயே கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லையாம், இருபத்திரண்டு பேரில் இப்போது அஞ்சு பேர்தானாம், நீ கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மிஷினை ஓட்டிக்கொண்டு, காலையில் கொடியை ஏற்றிக்கொண்டு தாடியும் மீசையுமாக இருக்கிறாயாம். அண்ணன் யார்கிட்டயும் பேசறது இல்ல மாமா, கேட்டா தலையை மட்டும் ஆட்டுறாரு என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், சிங்கப்பூர் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு, ஒரு தீவில் புதுசாக நாடு ஆரம்பித்திருக்கிறார்கள், கொடி உண்டு, தபால் தலை உண்டு, பாஸ்போர்ட் உண்டு, அதில் நான் நீர்வளத்துறை மந்திரி என்று நீ முதலில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அந்த நாட்டின் பேர் கடைசிவரைக்கும் அவள் வாயில் நுழையவில்லை, ஆனால் வாய்க்கால் ஷட்டர் திறக்கிற லஸ்கர் பக்கிரியிடம் போய், கடைமடையில தண்ணிக்கு அல்லாடுறவர் மவன் ஒரு நாட்டுக்கே தண்ணி மந்திரி, இனிமேலாவது எங்க பக்கம் முறையா திறந்து விடுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊரே சொல்லிச் சிரித்தது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்திரையில் நீ வந்தபோது நீலக் கலர் புத்தகத்தைக் காட்டி, இதுதான் இனிமேல், இந்தியப் பாஸ்போர்ட் முடிந்தால் புதுப்பிக்கப் போவதில்லை என்றாய். அன்றைக்கு நான் கத்தின கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பொறந்த நாடு வேண்டாம்னா பெத்த வீடு மட்டும் எதுக்கு, இந்த வாசப்படியை மிதிக்காதே என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கொடியில் காய்ந்த உன் துண்டை எடுத்துக்கொண்டு அம்மா பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள், அதற்குள் பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் நீ வீட்டுக்குப் போன் பண்ணுவதையும் விட்டுவிட்டாய். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது தம்பி. திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ள முடியுமோ என்னவோ, எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது எழுத வந்த விஷயத்தை எழுதுகிறேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னது ஆடி மாசக் கடைசியில், நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கேட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, தம்பிக்குச் சொல்லிடுங்க என்பதுதான். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. முதலில் கோபம், அவன்தான் நாட்டை விட்டவன், அவனாகவே கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் தினம் கேட்க ஆரம்பித்ததும் சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். ஒரு தடவை பேசறேன் என்று அவள் கெஞ்சினபோது, இங்கேயிருந்து லைன் போகாது, நாகப்பட்டினத்தில் ஒரு கடையிலிருந்துதான் பேசினேன் என்று இன்னொரு பொய். வானதியிடமும் அதையே சொன்னேன், அம்மா இப்படிக் கிடக்கும்போது வராத அண்ணனோடு என்ன பேச்சு என்று அவள் உனக்கு ஒரு வரி எழுதாமலே இருந்துவிட்டாள். நாள் ஆக ஆகக் கோபம் போய்விட்டது, ஏன் அப்பவே சொல்லலை என்று நீ கேட்டால் என்ன பதில் சொல்வது என்கிற பயம்தான் மிச்சம். மருந்து ஏற்றிவிட்டு வந்த நாட்களில் அவள் ஒன்றும் சாப்பிட மாட்டாள். தம்பி போன் பண்ணினான், கஞ்சி குடிக்கச் சொன்னான் என்றால் மட்டும் எழுந்து உட்கார்ந்து ரெண்டு மடக்கு குடிப்பாள். அதனால் தினம் உன் பேரில் ஒரு சேதி கட்டினேன். முடி கொட்டினால் வளர்ந்துவிடும் என்றாய், படகு கிடைத்ததும் வருகிறாய் என்றாய், அங்கேயும் வெயில் அதிகம் என்றாய். எல்லாம் நான் சொன்னது.

தை மாசத்தில் ஒரு நாள் சாயங்காலம் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நீங்க அவன்கிட்ட பேசவே இல்லதானே என்றாள். செழியன் எப்பப் பேசினாலும் என்ன அமிர்தம்னு என் பேரைச் சொல்லித்தானே ஆரம்பிப்பான், நீங்க சொன்ன ஒரு சேதியிலயும் அது இல்லியே என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். தீபாவளிலேர்ந்து தெரியும், நீங்க பாடுபட்டு சொல்றீங்களேன்னு கஞ்சியைக் குடிச்சேன் என்றாள். கோபப்படவில்லை தம்பி. கோபப்பட்டிருந்தால் தேவலை. இப்பவாவது சொல்லிடுங்க, எனக்காக இல்ல, நான் போனப்பறம் தெரிஞ்சா அவன் உங்களோட பேசாமலே போயிடுவான் என்றாள். மறுநாள் காலையில்தான் உன்னைக் கூப்பிட்டேன். வர்றேம்ப்பா என்று நீ சொன்னதோடு லைன் அறுந்தது.

அதற்கப்புறம் நீ பட்டதை உபைதுல்லா சொல்லித்தான் தெரியும். படகு வர மூன்று நாள் காத்திருந்தது, பக்கத்து நாட்டு விமான நிலையத்தில் உன் நீலப் புத்தகத்தை ஒருத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினது, இப்படி ஒரு நாடே கிடையாது என்று அவர்கள் சொன்னது, ஒன்றரை நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது, திரும்பி வரும்போது படகின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு வாய் சோறு தொடாதது, எல்லாம் சொன்னார். நீ அந்த நாற்காலியில் இருந்த நாளில்தான் மத்தியானம் அம்மா போனாள். பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஓட்டுகிறவன் விஷயம் தெரிந்து நிறுத்திவிட்டு இறங்கி வந்து நின்றான். நீ வருகிறாய் என்று ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். வர முடியவில்லை என்று வானதிக்கு நீ அனுப்பின சேதி வந்ததும் பங்காளிகள் இனி வைக்க வேண்டாம் என்றார்கள். நெருப்புச் சட்டியை நான்தான் தூக்கினேன். பெண்டாட்டிக்குப் புருஷன் செய்யலாம், வழக்கத்தில் உண்டு என்றார்கள். உன் இடத்தில் நின்றுகொண்டு செய்தேன், செய்யும்போதெல்லாம் இவனை இந்த இடத்தில் நிற்கவிடாமல் செய்தது நான்தானே என்று ஒரே நினைப்பாக இருந்தது. ஆடியில் சொல்லியிருந்தால் உனக்கு ஆறு மாசம் இருந்தது. எம்பசியில் போய் நின்று, அழுது, எப்படியாவது காகிதம் வாங்கிக்கொண்டு வந்திருப்பாய். அவள் வாயில் உன் கையால் கஞ்சி இறங்கியிருக்கும். ஆகையினால் உன் சீட்டில் எழுதியிருப்பது தப்பு. உன் மேல் பிசகு இல்லை என்று சொல்லவில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டது பிசகுதான். ஆனால் அம்மாவிடமிருந்து உன்னைப் பிரித்தது நான். அந்தப் பாவத்தை நீ சுமக்காதே, அது உன்னுடையது இல்லை.

உபைதுல்லா சனிக்கிழமை கிளம்புகிறார், அடுத்த மாசம் அவர் படகு உங்களிடம் வரும்போது இது உன் கைக்குக் கிடைக்கும். அதே படகில் ஏறி வந்துவிடு. பக்கத்து நாட்டில் இறங்கினதும் விமான நிலையத்துக்குப் போகாதே, நேரே இந்திய எம்பசிக்குப் போ. அந்த நீலப் புத்தகம் செல்லாதது என்றால் அதை வாங்கினதால் நீ இந்தியன் இல்லை என்று ஆகுமா ஆகாதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நாம் உண்மையைச் சொல்லிக் கேட்போம் என்று இங்கே ஒரு வக்கீல் சொன்னார். எதையும் மறைக்காதே. மறைத்து நான் பட்டது போதும். ஒன்று மட்டும், கிளம்புவதற்கு முன்னால் அங்கே மிச்சமிருக்கிற நாலு பேருக்கும் அந்தத் தண்ணீர் மிஷினை ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வா. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது.

வியாழன்

மேலே எழுதினதைச் செவ்வாய்க்கிழமை வந்த வானதியிடம் படிக்கக் கொடுத்தேன். உனக்கு மட்டும் சொல்லிவிட்டு அவளிடம் மறைக்க மனசு வரவில்லை. நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை படித்தாள். ஆறு மாசமா நான் அவனைத் திட்டினதையெல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க என்றாள். ஆமாம் என்றேன். வடித்து வைத்த சோற்றைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டாள். இன்று காலையில் திரும்பி வந்து உன் பிறப்புச் சான்று, பள்ளிக்கூட டி.சி., ரேஷன் கார்டு, பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றின் ஜெராக்ஸையும் ஒரு கவரில் போட்டு மேஜையில் வைத்தாள். உனக்குத் தனியாக ஒரு காகிதம் எழுதி ஒட்டியிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை, குழந்தையிடம் சொல்வதுபோல் தாத்தாவைச் சாப்பிடச் சொல்லு என்று மட்டும் சொன்னாள்.

படகில் வரும்போது வெறும் வயிற்றோடு இருக்காதே, உபைதுல்லா கொடுப்பதைச் சாப்பிடு. காகிதங்களை நனையாமல் பிளாஸ்டிக் பையில் வை. எட்டுக்குடி முருகன் உனக்குத் துணை இருப்பான், தீர்க்காயுசாக இருப்பாய். இதையெல்லாம் படித்தபிறகு உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். அது அடங்கினபிறகு வரலாம் என்று அங்கேயே இருந்துவிடாதே, கோபத்தோடேயே வா. வந்து என் முகத்தைப் பார்க்காமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. வானதியும் சீர்காழிக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேசாமல் இருப்பதற்குக்கூட ஆள் இல்லை.

உன் அப்பா,
சி. வீரையன்