பத்தடியில் வைத்த லென்ஸ்

சிதம்பரம்
14.3.2010

கதிர்வேலு மச்சானுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். போன்ல பேசினா கெட்ட வார்த்தைதான் வாயில வருது, அதான் பேனாவ எடுத்தேன்.

துறைமுகத்துல மீன்புடிக்கிற அய்யனாரை வெட்டிக் கொன்னான்னு என் தம்பி கொளஞ்சிய உள்ள வச்சிருக்காங்க. சாட்சி, நீ எடுத்த படம். பேப்பர்ல அவன் மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு இருக்கு, மீசைய எண்ணலாம். உன் அக்கா மாலதி அந்தப் பேப்பர அருவாமணையில வச்சு துண்டு துண்டா அறுத்தா. வெட்டினவன் சாமிக்கண்ணுன்னு உனக்குத் தெரியும். நான் குடுத்த பழைய லென்ஸ வச்சு என் தம்பிக்கே குழி தோண்டிட்டியேடா, பாவி!

கோர்ட்டுக்கு வந்து உண்மையச் சொல்லு. இல்லன்னா என் வாசப்படிய மிதிக்காத.

தட்சிணாமூர்த்தி


கடலூர்
19.3.2010

மாமாவுக்கு,

திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நடந்ததக் கேளுங்க.

வலைத் தகராறு அடிதடியாயிடுச்சு. ஒருத்தன் மண்டைய துடுப்பாலயே பொளந்தானுங்க. எனக்குப் பத்தடியில சாமிக்கண்ணு அருவாள ஓங்கினான். அவனுக்கு அஞ்சடி பின்னால, மீன் வண்டிய விட்டு எறங்கி, "வேணாம்டா"ன்னு கையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தான் கொளஞ்சி. கண்ணுல வச்சு ஃபோகஸ் பண்ண நேரம் ஏது? பிலிம் காலத்துப் பழக்கம், லென்ஸ அது மேல போட்டிருக்கிற பத்தடிக் கோட்டுக்குத் திருப்பி வச்சு, நெஞ்சுலேருந்தே பட்டன அமுக்கிட்டேன். அய்யனார் கழுத்து ரத்தம் என் செருப்பு வரைக்கும் ஓடி வந்துச்சு.

படத்த அப்பவே போலீஸ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல பாத்தா சாமிக்கண்ணு வெறும் புகை. அவன் கையும் அருவாளும் கரைஞ்சுபோய், கொளஞ்சி தூக்கின கையோட ஒட்டிக்கிச்சு. நான் சொன்னா எவன் நம்புவான்? "தெளிவா இருக்கிறவனத்தானே குறி வச்சே"ம்பாங்க.

நேத்து சாமிக்கண்ணு ஆளுங்க ஸ்டுடியோ கண்ணாடிய நொறுக்கிட்டு, வாயத் தொறந்தா கைய எடுத்துருவோம்னு சொல்லிட்டுப் போனானுங்க. எனக்குப் பயமா இருக்கு மாமா. என்னால வர முடியாது.

கதிர்வேல்


சிதம்பரம்
23.3.2010

கதிரு,

பத்தடிக் கோட்டுல வச்சேன்னு எழுதியிருக்கியே, அதப் படிச்சதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

அந்த லென்ஸ உன் டிஜிட்டல் கேமராவுல மாட்ட பித்தளை வளையம் கடைஞ்சது நான்தானே. தூரத்துக் கோபுரம் தெளியலன்னு நீ சொன்னதும் அரத்தால ராவினேன். கொஞ்சம் ஜாஸ்தியாவே ராவிட்டேன். வளையம் மெலிஞ்சா லென்ஸ் உள்ள போயிடும். பத்தடியில வச்சா பதினஞ்சடியிலதான் தெளியும். திரையில பெருசு பண்ணிப் பாத்து எடுக்கிறவனுக்கு அதனால நட்டமில்ல. நீ கோட்ட நம்புற ஆளுன்னு தெரிஞ்சும், கெடக்கட்டும்னு சொல்லாம விட்டுட்டேன்.

உன்னப் பாவின்னேன். பாவி நான்தான்.

வளையத்தக் கழட்டாம அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டா. பத்தடியில ஒரு ஆள், பதினஞ்சடியில ஒரு ஆள் நிக்க வச்சு எடுத்துக் காட்டுவோம். நான் செஞ்ச தப்ப நானே ஒத்துக்கிறேன். ஆனா நீ குறி வச்சது யாரன்னு நீதான்டா சொல்லணும். வான்னு உத்தரவு போட எனக்கு வாயில்ல. கெஞ்சுறேன்.

தட்சிணாமூர்த்தி


கடலூர்
9.2.2011

மாமாவுக்கு,

எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்குங்க. ஜுரம்னு போன்ல சொன்னது பொய்.

விடுதலையான கொளஞ்சியக் கூட்டிக்கிட்டு நீங்க பஸ் ஏறின அன்னிக்கே, ஸ்டுடியோவுக்குள்ள சாமிக்கண்ணு ஆளுங்க நாலு பேரு பூந்தானுங்க. நான் கோர்ட்டுல வாயத் தொறந்ததுக்கு, சொன்னதச் செஞ்சிட்டானுங்க. வலது கை, மணிக்கட்டோட போச்சு. கல்லாப் பெட்டி மேல வச்சு வெட்டினானுங்க. ரெண்டாவது வெட்டுலதான் துண்டாச்சு. அக்காகிட்ட பக்குவமாச் சொல்லுங்க.

கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில கெடந்து உங்களையும் உங்க அரத்தையும் சேத்து சபிச்சேன். அப்புறம், ஊரே பாக்க கூண்டுல நின்னு, "தப்பா ராவினது நான்தாங்கய்யா"ன்னு நீங்க அழுதது ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல திட்ட முடியல.

புது வளையம் ஒண்ணு கடைஞ்சு குடுங்க, இந்தத் தடவ அளந்து. லென்ஸத் திருப்புறது எப்பவும் இடது கைதானே, அது இருக்கு. பட்டன அமுக்கத்தான் கையில்ல.

ஞாயித்துக்கெழம கொளஞ்சிய அனுப்பி வைங்க. நான் ஃபோகஸ் பண்றேன், அவன் அமுக்கட்டும்.

உங்க மச்சான்,
கதிர்வேல்