நீ விட்ட வெற்று வரிகள்

அன்புள்ள மகளுக்கு,

முதலில், கடிதம் எழுதியதற்கே என்னை மன்னித்துக்கொள். நமக்குள் இப்படி ஒரு பழக்கம் இருந்ததில்லை. நீ போன் செய்தால் "அப்பா இருக்காரா" என்பாய், நான் "இதோ" என்று கொடுத்துவிடுவேன், அதோடு நம் பேச்சு முடிந்துவிடும். மகள் என்று எழுதுவதா உன் பெயரைப் போடுவதா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மகள் என்றே எழுதிவிட்டேன், பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே படி. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாய் என்று பிடிவாதமாக நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன் நம் வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டு ஒரு வாரமாகிறது, கேட்டால் "பார்ட்ஸ் வரணும், அவசரப்படாத" என்கிறார், நான் பாலை எடுத்துக்கொண்டு மாடி வீட்டு அக்காவிடம் தினமும் ஏறி இறங்குகிறேன். அந்த அக்காவும் "ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பொண்டாட்டிக்கா இந்தக் கதி" என்று தினமும் சிரிக்கிறாள்.

எழுத வந்தது உன் புத்தகத்தைப் பற்றி. பதிப்பாளர் அதைப் பக்கம் போட நான் வேலை செய்கிற டி.டி.பி. கடைக்குக் கொடுத்திருப்பது உனக்குத் தெரியும், அது என் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது என்பது தெரியாது. முதலாளி "உங்க வீட்டுப் பொண்ணு புக்கு, நீயே பாத்துக்கம்மா" என்று பெரிய உபகாரம் செய்கிற மாதிரி கொடுத்தார். கையெழுத்துப் பிரதி என்று நாங்கள் இன்னும் வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும் வருவதென்னவோ வேர்டு கோப்புதான். அதை லே-அவுட் மென்பொருளுக்குக் கொண்டுபோவதென்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அப்பா நினைக்கிறார். அப்படியில்லை, அது வீடு மாற்றுகிற வேலை. நீ சாய்வெழுத்தில் போட்டது நேரெழுத்தாக இறங்கும், மேற்கோள் குறி தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும், சில எழுத்து ஃபாண்ட் மாறியதில் கோபித்துக்கொண்டு வெறும் கட்டமாக நிற்கும். எழுதுகிறவர்கள் எல்லோரும் தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரையும் அடுத்த பக்கத்துக்குப் போக என்டரையும் தட்டித் தள்ளியிருப்பார்கள், அது அத்தனையும் கூடவே வரும். அதனால் எங்கள் கடையில் எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலை சுத்தம் செய்வது, இரண்டு ஸ்பேஸ் இருக்கிற இடமெல்லாம் ஒன்று, இரண்டு என்டர் இருக்கிற இடமெல்லாம் ஒன்று, யாரும் யோசிப்பதில்லை, ஒரே தட்டு. உன் கோப்பை முதலாளியே சுத்தம் செய்துவிட்டு "ஊத்திக்கோ" என்று அனுப்பினார், நானும் லே-அவுட் பக்கங்களுக்குள் ஊற்றினேன், கச்சிதமாகப் பன்னிரண்டு ஃபாரத்தில் முடிந்துவிட்டது. தாள் மடிகிற கணக்கில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், புத்தகம் பதினாறு பதினாறாகத்தான் கூடும், ஒரு பக்கம் மிஞ்சினாலும் இன்னொரு ஃபாரம் போட வேண்டும், அதனால் கச்சிதமாக முடிந்தால் கடையில் எல்லோருக்கும் சந்தோஷம்.

படித்துப் பார்க்கும்போதுதான் எனக்கு மூச்சு முட்டியது. ஒருத்தி கேள்வி கேட்கிறாள், அடுத்த வரியில் மறுநாள் விடிந்துவிடுகிறது. ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார், அடுத்த வரியிலேயே யாரோ சோறு பரிமாறுகிறார்கள். நீ இப்படித் தடதடவென்று ஓடுகிறவள் இல்லையே என்று தோன்றி, சுத்தம் செய்வதற்கு முன்னால் நீ அனுப்பிய கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு வெற்று வரி, நான்கு வெற்று வரி, ஓரிடத்தில் அரைப்பக்கமே வெறுமை. முதலில் உனக்கும் விரல் தவறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு கவனித்தால், கேட்டதற்கு யாராவது பதில் சொல்லாமல் இருக்கிற இடத்தில் மட்டும் இரண்டு, யாராவது அறையை விட்டு வெளியே போகிற இடத்தில் மட்டும் நான்கு, கதை முழுக்க ஓரிடத்தில்கூட மாறவில்லை. இதை முதலாளி கண்டுபிடிக்கவில்லையே என்று அவரைக் குறை சொல்ல முடியாது. உன் மௌனத்தோடு ஆறு வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தவள் நான், அதன் நீளம் எனக்குத் தெரியும்.

லே-அவுட்டில் என்டரைத் தட்டி இடம் விடக் கூடாது, இவ்வளவு இடம் என்று அளவு குறித்து அதற்கென்று ஒரு ஸ்டைல் வைக்க வேண்டும், அப்போதுதான் எந்தப் பக்கத்துக்கு நகர்ந்தாலும் இடைவெளியும் கூடவே வரும். உன் புத்தகத்துக்கென்று மூன்று ஸ்டைல் வைத்து, பெயரும் நானே கொடுத்தேன், சின்னதற்கு 'மூச்சு', பெரியதற்கு 'வாசல்', அந்த அரைப்பக்கத்துக்கு 'மேஜை'. முதலாளி என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு "என்னம்மா, சாமான் கணக்கா எழுதுற" என்றார். அதிலும் ஒரு வில்லங்கம், இடைவெளி ஒரு பக்கத்தின் தலையில் போய் விழுந்தால் மென்பொருள் அதை மதிக்காமல் விழுங்கிவிட்டு எழுத்தை மேலே ஏற்றிவிடும். அப்படி விழுங்கியதையெல்லாம் பக்கம் பக்கமாகத் தேடிப் பிடித்துத் திரும்பக் கக்க வைத்தேன். முடித்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்து எழுத்துப் பெட்டியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி, இன்னும் எழுத்து இருக்கிறது, உட்கார இடமில்லை என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டு ஃபாரம் போதவில்லை.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. பதிப்பாளரை உனக்குத் தெரியும், எல்லாவற்றையும் நேற்றே கேட்பவர், எங்கள் கடையில் அவருக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். வந்தவர் நின்றுகொண்டே "ஏம்மா, வாசகன் எழுத்துக்குக் காசு குடுப்பானா, வெறும் பேப்பருக்குக் குடுப்பானா?" என்றார். எனக்குப் பெரியவர்கள் முன்னால் பேச வராது, தொண்டையைச் செருமிக்கொண்டே நிற்பேன், நீயும் புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "சார், நீங்க பேசும்போது நடுநடுவுல மூச்சு விடுறீங்க, அது இருக்கிறதாலதான் நீங்க சொல்றது எங்களுக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அவசரம் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, சமாதானமாக ஒரு வழி சொன்னார், இடைவெளிகளை எடுத்துவிடு, இல்லையென்றால் ஏதாவது ஒரு அத்தியாயத்தை எடுத்துவிடு, இரண்டில் எதைச் செய்தாலும் பன்னிரண்டில் முடியும் என்று. உடனே முதலாளி, நல்ல எண்ணத்தில்தான், "அப்போ அந்த மேஜை அத்தியாயத்தை எடுத்துடுவோம், உனக்கும் நிம்மதிம்மா" என்றார்.

அந்த அத்தியாயத்தை நான் படித்துவிட்டேன் என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். 'வந்தவள்' என்று பெயர் வைத்திருக்கிறாய். வந்தவள் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறாள், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிறாள், வந்த முதல் வாரமே பதினைந்து வயதுப் பெண்ணின் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி இருட்டு மூலையில் போடுகிறாள், அதுவும் அந்தப் பெண்ணின் அம்மா வாங்கிக் கொடுத்த மேஜை. அதற்குப் பிறகு அரைப்பக்கம் வெறுமை. படித்த அன்று பாத்திரங்களையெல்லாம் உன்மேல் இருந்த கோபத்தில் தேய்த்தேன், ஒரு கிண்ணம் நசுங்கியது. ஜன்னல் வழியே மழைத் தண்ணீர் இறங்கி மேஜைக்கால் உப்பிக்கொண்டிருந்தது, அதனால் நகர்த்தினேன், இன்றைக்கும் அப்படி இறங்கினால் இன்றைக்கும் நகர்த்துவேன், அதற்கு நான் வருத்தம் சொல்லப் போவதில்லை. ஆனால் இதை நீ புத்தகத்தில் சேர்க்கவும் வேண்டாம். அந்தப் பெண் பார்த்தது ஒருத்தி மேஜையை இழுத்துக்கொண்டு போனதைத்தான், சுவரில் இறங்கிய தண்ணீரை அவள் பார்க்கவில்லை, அவள் பார்த்ததைத்தான் புத்தகம் சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அந்தச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறது, என்னைப் பற்றி எழுத்தில் இருந்தது அவ்வளவுதான். நான் எப்படி நடப்பேன், எந்தக் கையால் முடியை ஒதுக்குவேன் என்று இவ்வளவு உற்றுப் பார்த்து எழுதியவள் நீ ஒருத்திதான். என்னைப் பிடிக்காமல் எழுதியிருக்கிறாய், இருந்தாலும் விடாமல் பார்த்திருக்கிறாய்.

அதனால் முதலாளியிடம் முடியாது என்று சொன்னேன். அத்தியாயமும் போகாது, இடைவெளியும் போகாது, இந்தக் கோப்பில் வேறு யாராவது கை வைப்பதாக இருந்தால் நாளையிலிருந்து என் நாற்காலிக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அப்போதுதான் அவசரம் தன் போனை எடுத்து நீ அனுப்பிய மெயிலைக் காட்டினார், "எப்படி வேணாலும் பண்ணிக்கங்க சார், எனக்குப் பரவாயில்ல" என்று ஒரே வரி. "எழுதினவளே விட்டுட்டா, நீ ஏம்மா தொங்கிட்டு நிக்கிற" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல்தான் அதிகம் வந்தது. பரவாயில்லை என்பது என் வார்த்தை, வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லியே பல இடங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடமிருந்து நீ எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன், போயும் போயும் இதையா எடுத்துக்கொண்டாய்? "அவ எழுதினா, விட்டுட்டா, நான் படிச்சுட்டேனே சார், என்னால விட முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது இருவரும் ஏதோ பேசி முடித்திருந்தார்கள். எழுதியவளே தன் கையால் எழுதிக் கேட்டால் பதின்மூன்றாவது ஃபாரம் போடுகிறாராம், மிஞ்சுகிற பக்கங்களில் அவருடைய மற்ற புத்தகங்களின் விளம்பரத்தைப் போட்டுக்கொள்வாராம், மாதக் கடைசிக்குள் உன்னிடமிருந்து வராவிட்டால் சுத்தம் செய்த கோப்பே அச்சுக்குப் போகுமாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அவர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "உன்னப் பத்தி இப்படி எழுதியிருக்கா, நீயே உக்காந்து அதுக்குப் பக்கம் போடுறே, உனக்கு ரோஷமே கிடையாதா?" என்றார். "இருக்கு, அதனாலதான் போடுறேன்" என்றேன். கொஞ்ச நேரம் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "அதுல நான் வர்றேனா?" என்று கேட்டார். வருகிறீர்கள், பெரும்பாலும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். மறுநாளே பார்ட்ஸ் வாங்கப் போய்விட்டார்.

ஆகவே நீ இன்றைக்கே பதிப்பாளருக்கு எழுது. கெஞ்சி எழுதாதே, நன்றி சொல்லி எழுதாதே, 'நான் விட்ட இடம் விட்டபடியே வர வேண்டும்' என்று ஒரே வரி போதும். உனக்கு அங்கே இரண்டு வேலை, அலுப்பு, தூக்கமில்லை, போன புத்தகத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற கசப்பு, எல்லாம் அப்பா சொல்லித் தெரியும். அலுப்பு தீர்ந்த பிறகும் அச்சான புத்தகம் அப்படியேதான் இருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. குளிர் வந்துவிட்டது என்கிறார்கள், காதை மூடிக்கொள். உன் மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்திரு, சுத்தம் செய்கிற கைகள் எல்லா ஊரிலும் இருக்கும். உன் எழுத்து நீ நினைத்தபடியே நாலு பேரிடம் போய்ச் சேர வேண்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
வந்தவள்

பின்குறிப்பு: இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று கடிதம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தேன். எங்கள் கடையில் கடைசித் திருத்தம் தனியாகப் பார்ப்பதில்லை, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பென்சிலோடு உட்கார வேண்டும். மற்ற அத்தியாயங்களுக்குக் கடையில் ஆள் கிடைத்தது. மேஜை அத்தியாயத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். மூலம் உன்னிடம் இருக்கிறது, பக்கம் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை போன் செய்யும்போது அப்பா இருக்காரா என்று கேட்காதே. அதை எனக்குப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தையையும் எனக்காக மெதுவாகச் சொல்ல வேண்டாம், நீ எழுதிய குரலிலேயே படி. அந்த அரைப்பக்கம் வரும்போது நிறுத்து, நானும் ஒன்றும் பேசமாட்டேன். போனை மட்டும் வைத்துவிடாதே.